‘எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு!’ - தவறு எங்கே எனக் காட்டும் ஒரு சீட்டின் கதை

செல்போனில் ‘பணம் செலுத்து’ பட்டனைத் தட்டியாகிவிட்டது. வட்டம் சுற்றுகிறது. பத்து நொடி, இருபது நொடி... கடைசியில், ‘ஏதோ தவறு நடந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்று ஒரு வரி. வீட்டில் ஒருவர் நெட்வொர்க்கைத் திட்டுவார். இன்னொருவர் பேங்க்கைத் திட்டுவார். மூன்றாமவர், ‘முதல்ல இந்த போனை மாத்துங்க’ என்பார்.

அந்த ஆப்பை நடத்தும் நிறுவனத்துக்குள்ளும் அதே நேரத்தில் இதே சண்டை நடந்துகொண்டிருக்கும் என்பதுதான் வேடிக்கை. அங்கே சண்டை போடுபவர்கள் இன்ஜினீயர்கள்.

ஒரு தட்டலுக்குப் பின்னால் வேலை செய்வது ஒரே ஒரு புரோகிராம் அல்ல. வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்க ஒன்று, சரக்கு இருப்பைப் பார்க்க ஒன்று, தள்ளுபடிக் கணக்குக்கு ஒன்று, பணம் எடுக்க ஒன்று, எஸ்.எம்.எஸ் அனுப்ப ஒன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு கம்ப்யூட்டரில் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி டீம் பொறுப்பு. இப்படிப் பிரித்து வைப்பதற்கு ‘மைக்ரோ சர்வீஸ்’ என்று பெயர். உபர் நிறுவனத்தில் 2015-ம் ஆண்டின் பிற்பகுதியில் சுமார் 500 ஆக இருந்த இந்தக் குட்டி சர்வீஸ்கள், 2017-ம் ஆண்டின் தொடக்கத்தில் 2,000-ஐத் தாண்டிவிட்டன.

எல்லாம் ஒரே புரோகிராமாக இருந்த காலத்தில், தவறு நடந்தால் தேட வேண்டிய இடமும் ஒன்றுதான். இப்போது நிலைமை, கூட்டுக்குடும்பத்தில் பால் பொங்கி வழிந்த கதை. அடுப்பைப் பற்றவைத்தது ஒருவர், பார்த்துக்கொள்ளச் சொன்னது இன்னொருவரிடம், அவர் சொல்லிவிட்டுப் போனது வேறொருவரிடம். நள்ளிரவில் ஆப் முடங்கியதும் எல்லா டீமும் போனில் கூடும். எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்றுதான்: ‘எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு!’

அது பொய்யும் அல்ல. ஒவ்வொரு டீமும் தன் சர்வீஸ் என்ன செய்தது என்று ‘லாக்’ எனப்படும் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கும். ஆனால், இந்தக் குறிப்பேட்டின் நூறாவது வரியும் அந்தக் குறிப்பேட்டின் ஆயிரமாவது வரியும் ஒரே வாடிக்கையாளரைப் பற்றியதுதானா என்று சொல்ல எந்த அடையாளமும் இருக்காது. நேரத்தை வைத்துப் பொருத்திப் பார்க்கலாம் என்றால், இரண்டு கம்ப்யூட்டர்களின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை.

இதில் பழி யார் மீது விழும்? பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற டீம் மீதுதான். எங்கோ ஆறு படி உள்ளே இருக்கும் ஒரு சர்வீஸ் தாமதித்தால், அதை நம்பியிருக்கும் எல்லாமே தாமதிக்கும். வாசலில் நிற்பவருக்குத்தான் திட்டு விழும். உள்ளே இருக்கும் உண்மையான கோளாறு அடுத்த வாரமும் அப்படியே இருக்கும்.

ஓ.பி. சீட்டு சொல்லும் பாடம்

இதற்கான தீர்வைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. பெரிய அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வந்திருந்தால் போதும்.

உள்ளே நுழைந்ததும் ஓ.பி. சீட்டு போடுவார்கள். அதில் ஒரு எண் இருக்கும். டாக்டரிடம் போனால் அதே சீட்டு. அவர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால் அங்கும் அதே சீட்டு. எக்ஸ்ரே எடுக்குமிடம், மருந்து கொடுக்கும் ஜன்னல் என எங்கு போனாலும் அந்த எண்தான். இப்போது, ஒவ்வொரு இடத்திலும் ‘இத்தனை மணிக்கு வந்தார், இத்தனை மணிக்குப் போனார், அனுப்பியது இன்னார்’ என்றும் எழுதிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மாலையில் அந்த எண்ணுக்குரிய குறிப்புகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால், நோயாளி காத்திருந்த மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் எக்ஸ்ரே அறை வாசலில் போனது என்று தெரிந்துவிடும். டாக்டரைத் திட்டிப் பயனில்லை என்பதும் தெரிந்துவிடும்.

மென்பொருளிலும் இதைத்தான் செய்கிறார்கள். பட்டனைத் தட்டியதும் அந்தக் கோரிக்கைக்கு ஒரு எண் கொடுக்கப்படும். அதுதான் ‘டிரேஸ் ஐடி’. ஒவ்வொரு சர்வீஸும் தன் வேலையின் தொடக்கத்தையும் முடிவையும் அந்த எண்ணோடு சேர்த்துப் பதியும். அந்த ஒரு பதிவுக்கு ‘ஸ்பான்’ என்று பெயர். ஒவ்வொரு ஸ்பானும் தன்னை அனுப்பிய தாய் ஸ்பான் எது என்பதையும் குறித்துவைக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் குடும்ப மரம்போல ஒரு படம் கிடைக்கும். யார் யாரை அழைத்தார்கள் என்ற வரிசைக்குக் கடிகாரத்தை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. தாய், பிள்ளை உறவே சொல்லிவிடும்.

யோசனை எளிது. நடைமுறைப்படுத்துவதில்தான் சிக்கல். எல்லா ஜன்னலிலும் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தச் சீட்டை வாங்கி, எழுதி, அடுத்தவரிடம் அனுப்ப வேண்டும். ஒரே ஒருவர் மறந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

கூகுளில் கிடப்பில் இருந்த ஒரு வேலை

பென் சிகெல்மன் 2003-ல் கூகுளில் சேர்ந்த இன்ஜினீயர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது விளம்பரம் சார்ந்த வேலை. அதில் மனம் ஒட்டவில்லை. அப்போது நிறுவனம் ஒரு விநோதமான ஏற்பாடு செய்தது. ஒவ்வொருவரும் தன்னிடமிருந்து எல்லா வகையிலும் தூரத்தில் இருக்கும் ஒரு சக ஊழியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவருக்கு வாய்த்தவர் ஷாரன் பெர்ல் என்ற மூத்த ஆராய்ச்சியாளர். கையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று பெர்ல் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பட்டியலில் ஒன்று, ‘டாப்பர்’ என்ற முன்மாதிரி. கோரிக்கைகள் போகும் பாதையைப் பின்தொடரும் கருவி. சிகெல்மன் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இதே கேள்வியோடு மைக்ரோசாஃப்டின் ஆராய்ச்சிப் பிரிவிலும், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் முன்பே ஆய்வுகள் நடந்திருந்தன. ஆனால், கூகுள் அளவிலான ஒரு நிறுவனத்தில் அன்றாடம் ஓடிக்கொண்டிருந்தது டாப்பர். அதை விவரிக்கும் கட்டுரை 2010-ல் வெளியானபோதுதான் துறையே நிமிர்ந்து பார்த்தது.

அதில் இருந்த மூன்று முடிவுகள் இன்றைக்கும் பேசப்படுகின்றன. முதலாவது, எல்லாவற்றையும் பதியத் தேவையில்லை. தொடக்கத்தில் 1,024 கோரிக்கைகளில் ஒன்றை மட்டுமே பதிந்தார்கள். தினமும் கோடிக்கணக்கில் கோரிக்கைகள் வரும் இடத்தில், திரும்பத் திரும்ப வரும் கோளாறு அந்த ஒன்றிலும் மாட்டிவிடும். இரண்டாவது, உள்ளே என்ன அனுப்பப்பட்டது என்பதைப் பதிய மாட்டார்கள். எந்தச் செயல், எவ்வளவு நேரம் என்பதுதான் பதிவாகும். ஓ.பி. சீட்டில் எக்ஸ்ரே அறையின் பெயர் இருக்கலாம், நோயாளியின் ரகசியம் இருக்கக் கூடாது அல்லவா? மூன்றாவது, சாதாரண இன்ஜினீயர் இதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கக் கூடாது.

மூன்றாவது எப்படிச் சாத்தியமானது? கூகுளுக்குள் எல்லோரும் பயன்படுத்தியது ஒரே மாதிரியான சில அடிப்படை லைப்ரரிகளை. லைப்ரரி என்பது யாரோ எழுதிவைத்து, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல். சர்வீஸ்கள் ஒன்றையொன்று அழைக்கும் அந்த ஒரு வாசலில் சீட்டை வைத்துவிட்டால் போதும், எல்லாக் கோரிக்கைகளும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழியில் அதன் மையப் பகுதி ஆயிரம் வரிகளுக்கும் குறைவு.

ஒரே முதலாளி, ஒரே வாசல். அதனால் முடிந்தது. வெளியுலகில் அப்படி இல்லையே!

ஆளுக்கொரு சீட்டு

கட்டுரையைப் படித்த மற்ற நிறுவனங்கள் தாங்களும் செய்து பார்த்தன. ட்விட்டர் 2012-ல் ‘ஜிப்கின்’ என்ற கருவியை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் உள்வீட்டுப் பெயர் ‘பிக் பிரதர் பேர்ட்’. அதாவது, எல்லாவற்றையும் கவனிக்கும் பெரியண்ணன் பறவை. மூன்று சொற்களும் ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்தில் தொடங்குவதால், அதன் சீட்டுக்கு ‘பி3’ என்றே பெயர் நிலைத்தது. உபர் நிறுவனத்தில் யூரி ஷ்குரோவின் டீம் ‘யேகர்’ என்ற கருவியை உருவாக்கியது. ஜெர்மன் மொழியில் வேட்டைக்காரர் என்று பொருள். இவை தவிர, பணம் வாங்கிக்கொண்டு இதே சேவையைத் தரும் கம்பெனிகளும் பல.

ஆளுக்கொரு சீட்டு, ஆளுக்கொரு எழுத்துமுறை. ஒன்றின் சீட்டு மற்றதற்குப் புரியாது.

இதில் அதிகம் திண்டாடியவர்கள் லைப்ரரி எழுதுபவர்கள். டேட்டாபேஸோடு பேசும் ஒரு லைப்ரரியை யாரோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகக் கொடுத்திருப்பார். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தும். சீட்டை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் வேலை அந்த லைப்ரரிக்குள்தான் நடக்க வேண்டும். ஆனால், அவர் எந்தக் கம்பெனியின் சீட்டைச் சேர்ப்பார்? ஒன்றைச் சேர்த்தால் மற்றவர்களுக்குப் பயனில்லை. பத்தையும் சேர்க்க அவருக்கு என்ன தலையெழுத்து? அதனால் எதையுமே சேர்க்க மாட்டார். சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

பயன்படுத்தும் நிறுவனத்துக்கும் இது பொறிதான். ஒரு கம்பெனியின் கருவிக்கேற்ப ஆயிரம் இடங்களில் நிரல் எழுதியாகிவிட்டது. அடுத்த வருடம் அவர்கள் கட்டணத்தை ஏற்றினால்? வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால் அந்த ஆயிரம் இடத்தையும் மாற்ற வேண்டும். மாற மாட்டார்கள். கேட்டதைக் கொடுப்பார்கள்.

ஐந்து வினைச்சொற்கள்

இந்த முடிச்சை அவிழ்க்க எடுத்த முயற்சிதான் ‘ஓப்பன்டிரேசிங்’. கூகுளைவிட்டு வெளியே வந்திருந்த சிகெல்மனும், உபரின் ஷ்குரோவும் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் உருவாக்க நினைத்தது இன்னொரு கருவியை அல்ல, ஒரு ஏ.பி.ஐ-யை.

ஏ.பி.ஐ என்பது இரண்டு புரோகிராம்களுக்கு இடையிலான பேச்சு வழக்கு. ‘இப்படிக் கேட்டால் இது கிடைக்கும்’ என்ற வாக்குறுதி. உள்ளே யார், எப்படிச் செய்கிறார்கள் என்பது அதில் இருக்காது. பிளக் பாயின்ட்டைச் செய்த கம்பெனி எதுவாக இருந்தாலும், மிக்ஸியின் பிளக் அதில் பொருந்துகிறதே, அதுபோல.

ஓப்பன்டிரேசிங்கின் சாரத்தை ஐந்து வினைச்சொற்களில் சொல்லிவிடலாம். வேலையைத் தொடங்கு. வேலையை முடி. ஏதாவது இருந்தால் குறிப்பு எழுது. வெளியே அனுப்பும்போது சீட்டைச் சேர்த்து அனுப்பு. உள்ளே வரும்போது சீட்டை வாங்கிப் படி. லைப்ரரி எழுதுபவர் இந்த ஐந்தை மட்டும் எழுதிவிட்டால் போதும். பதிவுகள் ஜிப்கினுக்குப் போக வேண்டுமா, யேகருக்குப் போக வேண்டுமா என்பதை நிறுவனம் முடிவு செய்துகொள்ளும். கம்பெனியை மாற்றினால் மாற்ற வேண்டியது ஒரே ஒரு இடம்.

சிகெல்மனும் 2015-ல் ‘லைட்ஸ்டெப்’ என்று இதே சேவையை விற்கும் ஒரு கம்பெனியைத் தொடங்கியவர்தான். வாடிக்கையாளர் எளிதாக வெளியேறும் கதவை விற்பவரே செய்துகொடுப்பதா என்று கேட்கலாம். எளிதாக வெளியேறும் கதவு, எளிதாக உள்ளே வரும் கதவும்தான். சந்தைக்குப் புதிதாக வரும் சிறிய கம்பெனிக்கு அது லாபம். பொதுநலமும் சுயநலமும் ஒரே திசையில் நடந்தன என்று சொல்வதே நேர்மை.

2016 அக்டோபரில் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பு ஓப்பன்டிரேசிங்கை ஏற்றுக்கொண்டது. குபர்நெட்டிஸ், புரோமிதியஸ் ஆகிய இரண்டுக்கும் அடுத்து, அங்கே மூன்றாவதாகச் சேர்ந்தது இதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். சீட்டில் எண்ணை எந்த வடிவில் எழுதுவது என்று ஏ.பி.ஐ சொல்லவில்லை. ஏற்கெனவே ஆளுக்கொரு வடிவம் இருந்தது. ஒன்றைக் கட்டாயமாக்கினால் மற்றவர்கள் சேர மாட்டார்கள் என்ற கவலை. அதன் விலையும் சீக்கிரமே தெரிந்தது. ஒரே நிறுவனத்துக்குள் சங்கிலி ஒழுங்காக ஓடியது. வேறு கருவி வைத்திருக்கும் இன்னொரு நிறுவனத்துக்குக் கோரிக்கை போனதும், அந்தச் சீட்டு அங்கே வெறும் காகிதம்.

இரண்டு கட்சி

2018 ஜனவரியில் கூகுள் ‘ஓப்பன்சென்சஸ்’ என்று வேறொன்றை வெளியிட்டது. இது வாக்குறுதியோடு நிற்கவில்லை. உள்ளே வேலை செய்யும் நிரலையும் சேர்த்தே கொடுத்தது. அத்துடன், நொடிக்கு எத்தனை கோரிக்கை வந்தது போன்ற கணக்குகளையும் எடுத்தது. இரண்டிலும் நியாயம் இருந்தது. ‘மெல்லியதாக, யாரையும் கட்டிப்போடாமல் இருக்கட்டும்’ என்பது ஒரு பக்கம். ‘உடனே எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கட்டும்’ என்பது மறுபக்கம்.

லைப்ரரி எழுதுபவர் மறுபடியும் நடுத்தெருவில் நின்றார். எதைச் சேர்ப்பது? மீண்டும் பழைய விடை: எதையும் சேர்ப்பதில்லை. ‘பதினான்கு தரநிலைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒன்றாக்குகிறேன் பேர்வழி என்று கிளம்பினால், கடைசியில் பதினைந்து இருக்கும்’ என்று கம்ப்யூட்டர் துறையில் ஒரு பிரபலமான கார்ட்டூன் ஜோக் உண்டு. அது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

2019-ல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, இரண்டையும் ஒன்றாக்கி ‘ஓப்பன்டெலிமெட்ரி’ என்று பெயர் வைத்தார்கள். புதிது வந்ததும் பழைய இரண்டும் மூடப்படும் என்று முதலிலேயே சொன்னார்கள். சொன்னபடி செய்தார்கள். 2022-ல் ஓப்பன்டிரேசிங்குக்கும், 2023-ல் ஓப்பன்சென்சஸுக்கும் பூட்டு போடப்பட்டது. பழையதை வைத்து நிரல் எழுதியிருந்தவர்கள் கைவிடப்படவில்லை. பழைய பேச்சைப் புதிய பேச்சாக மாற்றித்தரும் இணைப்பு நிரல்களும் தரப்பட்டன. பதினான்கு பதினைந்தாகவில்லை. இரண்டு ஒன்றானது.

வருடக்கணக்கில் உழைத்து, பெயர் வாங்கித்தந்த ஒன்றைத் தன் கையாலேயே மூடுவது சாதாரண விஷயமல்ல. சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிகள்கூட அவ்வளவு எளிதில் இறங்கி வருவதில்லை.

‘உங்களுக்குத் தொந்தரவு தர மாட்டோம்’

ஓப்பன்டெலிமெட்ரியின் டிரேசிங் விதிமுறை 2021-ல் முதல் உறுதியான வடிவத்தை எட்டியது. அதில் இரண்டு தரப்பின் அனுபவமும் கலந்திருக்கிறது. வாக்குறுதி தனியாகவும், வேலை செய்யும் நிரல் தனியாகவும் இருக்கும். லைப்ரரி எழுதுபவர் தொட வேண்டியது வாக்குறுதியை மட்டும்தான். நிறுவனம் பின்னால் எதையும் பொருத்தவில்லை என்றால், அந்த அழைப்புகள் எதுவும் செய்யாமல் சும்மா திரும்பிவிடும். கிட்டத்தட்ட செலவே இல்லை.

கவனிக்க வந்தவர் காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்பது அடுத்த விதி. பதிவு செய்யும் பகுதியில் என்ன கோளாறு ஏற்பட்டாலும், அது வாடிக்கையாளரின் வேலையை நிறுத்திவிடக் கூடாது. குறிப்பு எழுதும் பேனாவில் மை தீர்ந்தது என்பதற்காக எக்ஸ்ரே நிற்கலாமா?

இன்னொன்று, காலம். ஏ.பி.ஐ-யின் பெரிய மாற்றத்தோடு புதிய பதிப்பு வந்தாலும், பழைய பதிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆதரவு தர வேண்டும். இலவசமாக உழைக்கும் ஒருவரின் நிரலுக்குள் நுழைவதற்கு முன், ‘அடிக்கடி வந்து கதவைத் தட்ட மாட்டோம்’ என்று கொடுக்கும் உறுதிமொழி அது.

ஸ்பானுக்குப் பெயர் வைப்பதற்கும் அறிவுரை உண்டு. ‘கணக்கைப் பார்த்தல்’ என்று வைக்கலாம். ‘42-ம் எண் கணக்கைப் பார்த்தல்’ என்று வைக்கக் கூடாது. எண்ணைத் தனிக் குறிப்பாக எழுதிக்கொள்ளலாம். பெயரிலேயே எண் இருந்தால் லட்சம் கணக்குக்கு லட்சம் பெயர்கள் வரும். எதையும் ஒப்பிட முடியாது.

குறை இல்லாமல் இல்லை. ஆயிரத்தில் ஒன்றைத்தான் பதிகிறார்கள் என்றால், பணம் போய்ப் பொருள் வராத அந்த ஒருவரின் கோரிக்கை பதிவாகாமலே போயிருக்கலாம். அதற்காக, எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, முடிந்த பிறகு ‘இது தவறாகப் போனது, இதை வைத்துக்கொள்வோம்’ என்று முடிவெடுக்கும் முறையும் வந்திருக்கிறது. அதற்குச் செலவு அதிகம்.

சீட்டின் வடிவத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் வேர்ல்ட் வைட் வெப் கன்சார்டியம், 2020 பிப்ரவரியில் அதைப் பொது விதியாக்கியது. மொத்தம் 55 எழுத்துகள். பதிப்பு எண், டிரேஸின் எண், அனுப்பிய ஸ்பானின் எண், கடைசியில் ‘இது பதிவாகிறதா’ என்பதற்கு ஒரு குறி. அவ்வளவுதான்.

டிரேசிங்கில் பங்கெடுக்க விரும்பாதவர்களையும் அந்த விதி மறக்கவில்லை. அவர்கள் எதையும் பதிய வேண்டாம், எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். ஆனால் ஒரு சீட்டு கைக்கு வந்தால், அதைக் கிழித்துப்போடாமல் அடுத்தவரிடம் அப்படியே கொடுத்துவிட வேண்டும்.